ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை, ஒரு சின்ன டயர் பம்ப்

ஐந்து பேர் ஏறி உட்கார்ந்து, ஐந்து பேருடைய பைகளும் கூடாரமும் தண்ணீர் கேன்களும் டிக்கிக்குள் போய்விட்டால் காரின் பின்பக்கம் நன்றாகவே தாழ்ந்துவிடும். நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகிற பயணத்தில் இந்தச் சுமை உச்சத்தில் இருப்பது முதல் நாளில்தான். போகப்போகத் தண்ணீர் குறையும், தின்பண்டம் தீரும். முதல் நாள் எல்லாமே முழுசாக இருக்கும். உற்சாகமும் முழுசாக இருப்பதால் அன்றைக்குத்தான் நீண்ட தூரம் விரட்டுவோம். டயருக்கு அதைவிடக் கடினமான நாள் அந்தப் பயணத்திலேயே கிடையாது. அந்த நாளை மனதில் வைத்து நான் வாங்கியதுதான் இந்த 12 வோல்ட் டயர் பம்ப்.

பிராண்டு பெயரை எழுதவில்லை. காரணம், இதே பெட்டி, இதே திரை, இதே பொத்தான்களோடு பல பெயர்களில் விற்கிறது. பெயரைவிட எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் உங்களுக்கு உதவும்.

பொருள் இதுதான். இரண்டு கை சேர்த்துப் பிடிக்கிற அளவில் ஒரு பெட்டி. உள்ளே ஒரு சின்ன மோட்டார், ஒற்றை சிலிண்டர், ஒரு பிஸ்டன். காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருக 3 மீட்டர் வயர். வால்வில் மாட்ட ஒரு குழாய். டிஜிட்டல் திரையில் டயரின் காற்றழுத்தத்தை பி.எஸ்.ஐ., பார் என்ற இரண்டு அலகுகளிலும் காட்டும். எவ்வளவு வேண்டும் என்று எண்ணை வைத்துவிட்டால் அங்கே வந்ததும் தானாக நின்றுவிடும். முன்னால் ஒரு எல்.இ.டி. விளக்கு. கூடவே பந்துக்கும் காற்று மெத்தைக்கும் மாட்ட சின்னச் சின்ன மூக்குகள்.

"வழியில் எத்தனை பெட்ரோல் பங்க் இருக்கு, எல்லாத்திலயும் காத்து அடிச்சுத் தர்றாங்க. இதை எதுக்கு மச்சான் தூக்கிட்டு வர்ற?" என்று எங்கள் கூட்டத்தில் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். இந்தப் பொருளை வாங்குவதா வேண்டாமா என்பதே இதற்கான பதிலில் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் அதன் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சில கார்களில் அது பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும். எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்பதற்கு அந்த ஸ்டிக்கர்தான் வேதம். டயரின் பக்கச் சுவரில் அச்சாகியிருக்கும் எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து யாரும் காற்று அடிக்கக் கூடாது. பல கார்களின் ஸ்டிக்கரில் இரண்டு வரிசை இருக்கும்: ஓரிருவர் போகும்போது ஒன்று, ஆளும் மூட்டையும் நிறைந்திருக்கும்போது இன்னொன்று. எங்கள் காரில் சாதாரண நாளில் நாலு டயருக்கும் 33. முழுச் சுமை என்றால் முன்னால் 35, பின்னால் 39. பின்சக்கரங்களுக்கு 6 பி.எஸ்.ஐ. வித்தியாசம். இது சின்ன விஷயம் இல்லை. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் மடங்கி மடங்கி நிமிரும். அந்த மடங்கலால் ரப்பருக்குள் சூடு உண்டாகிறது. அதிக சுமை, அதிக வேகம், நீண்ட நேரம் மூன்றும் சேர்ந்தால் அந்தச் சூடு டயரின் அடுக்குகளைப் பிரித்துவிடும். நெடுஞ்சாலையில் டயர் வெடித்தது என்று கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

ஸ்டிக்கரில் உள்ள எண் ஆறிய டயருக்கானது. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. ஓட ஓட உள்ளே இருக்கும் காற்று சூடாகி, அழுத்தம் 4 முதல் 6 பி.எஸ்.ஐ. வரை ஏறுவது சாதாரணம். வெயிலில் நின்றாலே ஏறும். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் கூடினால் சுமார் 1 பி.எஸ்.ஐ. கூடும். அப்படியானால், நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு பங்கில் போய் 39 வையுங்கள் என்று சொன்னால் என்ன ஆகும்? சூட்டில் 39 காட்டும். ஆறியதும் 34, 35 தான் இருக்கும். அங்கே அடிக்கிறவர் மேல் தப்பே இல்லை. அவர் முன்னால் வந்து நிற்கும் டயர் சூடானது, அவ்வளவுதான்.

ஆகவே சரியான அளவை வைக்க ஒரே நேரம்தான் உண்டு. மூட்டையெல்லாம் ஏற்றியாகிவிட்டது, வண்டி இரவு முழுக்க நின்றிருக்கிறது, இன்னும் வெயில் வரவில்லை. அந்த விடிகாலையில் வீட்டு வாசலில் பங்க் இருக்காது. இந்தப் பம்ப் இருக்கும். இதற்காகத்தான் இதை வாங்கச் சொல்கிறேன். பஞ்சர் ஆனால் உதவும் என்பதெல்லாம் அடுத்த லாபம்.

கிளம்பிய அன்று காலையில் முதலில் அளந்தோம். முன்னால் 32, 31. பின்னால் இடது 32. பின்னால் வலது 27. காரின் டாஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லை. காற்று குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று எல்லாரும் ஒரே குரலில் கேட்டார்கள். அது தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் 2008 மாடல் கார்களிலிருந்து இந்த எச்சரிக்கை கட்டாயமானபோது வகுத்த விதியே, பரிந்துரைத்த அளவைவிட 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பதுதான். 33-இல் 25 சதவீதம் குறைந்தால் 25-க்குக் கொஞ்சம் கீழே. 27 அதற்கு மேலேதான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு ஏற்றிய சுமைக்கு அந்த டயரில் இருக்க வேண்டியது 39. கணக்குப் பார்த்தால் சுமார் 31 சதவீதம் குறைவு. விளக்கு எரியாததை நம்பி ஐந்து பேரோடு அந்த டயரில் நாள் முழுக்க ஓட்டியிருப்போம். அழுத்தம் அளக்கும் கேஜ் ஒன்றை எடுத்து நாலு டயரையும் கையால் அளப்பதற்கு மாற்று இன்னும் வரவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

வேகத்தில் எனக்குக் குறையே இல்லை. வலது பின் டயரை 27-இலிருந்து 39-க்குக் கொண்டுவர இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. மற்ற மூன்றும் அதைவிடச் சீக்கிரம். குனிந்து, மூடி கழற்றி, குழாய் மாட்டி, இடம் மாறி எல்லாம் சேர்த்து பத்து நிமிடத்துக்குள் நாலும் முடிந்துவிட்டது. அட்டைப் பெட்டியில் நிமிடத்துக்கு 35 லிட்டர் என்று போட்டிருக்கிறார்கள். அது எதிர் அழுத்தமே இல்லாமல் வெறும் காற்றில் ஊதும்போது உள்ள கணக்கு. டயருக்குள் அழுத்தம் ஏற ஏற வேகம் குறையும். ஒரு நடுத்தர கார் டயருக்குள் சுமார் 30 லிட்டர் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 12 பி.எஸ்.ஐ. ஏற்ற வெளிக்காற்று 25 லிட்டர் போல உள்ளே போக வேண்டும். அதைத்தான் இரண்டு நிமிடத்தில் தள்ளியிருக்கிறது. இந்த விலைப்பிரிவில் வரும் பொருளுக்கு இது நல்ல வேலை.

சத்தம் உண்டு. விடிகாலையில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடும் அளவுக்கு உண்டு. சின்ன பிஸ்டன் வேகமாக அடிக்கிறது, வேறு வழியில்லை. சூடும் உண்டு. வேலை முடிந்ததும் குழாயின் வால்வு முனை, உலோகமாக இருப்பதால், கையைச் சுடும். கையேட்டில் தொடர்ந்து 10 நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம், பிறகு அதே அளவு நேரம் ஆறவிடுங்கள் என்று எழுதியிருக்கிறது. அதை அப்படியே கடைப்பிடியுங்கள். இந்த வகைப் பம்புகள் கெடுவதற்குப் பெரும்பாலும் அந்தச் சூடுதான் காரணம்.

பம்பை ஓட்டும்போது காரின் இன்ஜினை ஆன் செய்து வைப்பது நல்லது, பேட்டரி இறங்காது. ஆனால் மூடிய கார் ஷெட்டுக்குள் ஒருநாளும் அப்படிச் செய்யாதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். வண்டியை வெளியே எடுத்துவிட்டுச் செய்யுங்கள். சாக்கெட்டின் ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்றும் முன்பே பாருங்கள். பெரும்பாலான கார்களில் 10 அல்லது 15 ஆம்பியர் இருக்கும். இந்தப் பம்ப் 10 ஆம்பியர் வரை இழுக்கும். கூடவே அதே இணைப்பில் யாராவது போன் சார்ஜர் செருகி வைத்திருந்தால் பிடுங்கச் சொல்லுங்கள். ஐந்து பேர் இருக்கிற காரில் சாக்கெட் சும்மா இருப்பதே அபூர்வம்.

இந்தப் பொருள் தன் விலையை முழுக்கச் சம்பாதித்தது மதியத்துக்கு மேல்தான்.

வலது பின் டயர் மட்டும் ஏன் 27 என்ற கேள்வி என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஓட்டுகிறவர்களை மாற்ற இரண்டாவது முறை நிறுத்தியபோது அளந்தோம். இடது பின் டயர் 44, வலது பின் டயர் 41. சூடான டயரில் எண்ணை எண்ணாகப் பார்த்துப் பயனில்லை, ஜோடியை ஒப்பிட வேண்டும். ஒரே அச்சில் இருக்கும் இரண்டு டயர்களும் ஒரே சுமையில், ஒரே தூரம் ஓடியவை. ஏறியதும் ஒன்றுபோலத்தான் ஏறியிருக்க வேண்டும். வெயில் படும் பக்கம் ஓரிரு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டலாம். ஆனால் அன்று மதியம் முழுக்க வெயில் வலப்பக்கம்தான். கூட வேண்டிய டயர் குறைந்திருக்கிறது. அப்படியென்றால் எங்கோ கசிகிறது.

எங்களோடு வந்தவர்களில் ஒருவன் சைக்கிள் பைத்தியம். கைகழுவும் திரவ சோப்பைத் தண்ணீரில் கலக்கி, டயரின் தடம், அதாவது சாலையில் படும் பகுதி, முழுக்கத் தடவிப் பார்த்தான். ஆணி இல்லை, குமிழி இல்லை. பிறகு வால்வின் வாயில் ஒரு சொட்டு விட்டான். அங்கே குமிழி மெல்ல ஊதிப் பெரிதாகி உடைந்தது, மறுபடி ஊதியது. வால்வுக்குள் இருக்கும் ஊசி போன்ற பகுதி, வால்வு கோர் என்பார்கள், கொஞ்சம் தளர்ந்திருந்தது. "டேய், என் சைக்கிள் பையில் இதுக்குச் சாவி இருக்கு, பொறு" என்று ஓடினான். ஷ்ரேடர் என்ற பெயரில் 1890-களில் காப்புரிமை பெற்ற வால்வு அது. இன்றும் கார், பைக், பல சைக்கிள்கள் எல்லாவற்றிலும் அதே அளவுதான். அதனால் சைக்கிள் சாவி கார் வால்வில் அச்சாகப் பொருந்தியது. கால் சுற்று இறுக்கினான். குமிழி நின்றது. மூடியையும் நன்றாகத் திருகினான். ரப்பர் வளையம் உள்ள மூடி என்றால் அதுவே இரண்டாவது தடுப்பு. தொலைந்த மூடிகளுக்குப் புதிது வாங்கிப் போடுங்கள் என்று நான் எல்லாரையும் நச்சரிப்பது இதனால்தான்.

பிறகு பம்பை மாட்டி வலதை 44-க்குக் கொண்டுவந்து இடதோடு சமமாக்கினோம். சூடான டயரில் ஸ்டிக்கர் எண்ணுக்கு வைக்கக் கூடாது, ஜோடி டயருக்குச் சமமாக வைக்கலாம். மறுநாள் காலை ஆறிய பிறகு இரண்டும் சமமாகவே நின்றன. வழியில் ஒரு டயர் கடையில் அந்தக் கோரையே மாற்றிவிட்டோம். பம்ப் கையில் இல்லாவிட்டால் காலையில் வித்தியாசமும் தெரிந்திருக்காது, மதியம் அளக்கவும் தோன்றியிருக்காது.

இனி குறைகள். குழாய் மிகக் குட்டை. வால்வு மேல்பக்கம் வந்து நின்றுவிட்டால் பெட்டி தரையைத் தொடாமல் தொங்கும், ஒருவர் கையில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மோட்டார் அதிரும்போது அந்த அதிர்வு வால்வின் கழுத்தில் இறங்கும், அது எனக்குப் பிடிக்கவில்லை. வயரும் 3 மீட்டர் போதவில்லை. முன்பக்க சாக்கெட்டிலிருந்து வலது பின் டயருக்கு எட்ட, பின் கதவு வழியாக இழுத்துக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வாங்கும்போது வயர் நீளம் 3.5 மீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். இரண்டாவது, முனை திருகி மாட்டும் வகை. கழற்றும்போது இரண்டு சுற்று வரைக்கும் உஸ்ஸென்று காற்று போகும். நான் ஒவ்வொரு டயருக்கும் 1 பி.எஸ்.ஐ. கூடுதலாக வைத்துக் கழற்றினேன். வேகமாகக் கழற்றத் தெரிந்தவர்களுக்கு இழப்பு குறையும். நெம்புகோல் வைத்துக் கவ்வும் முனை இருந்தால் அதுவே மேல்.

திரை காட்டும் எண்ணை தனி கேஜ் ஒன்றோடு ஒப்பிட்டேன். 1 பி.எஸ்.ஐ. வரை அதிகம் காட்டுகிறது, எப்போதும் ஒரே மாதிரி அதிகம் காட்டுகிறது. ஒரே மாதிரி தவறுகிற கருவியை நம்பி வேலை செய்யலாம், கழித்துக்கொண்டால் போதும். ஒருநாள் கூட்டி ஒருநாள் குறைத்துக் காட்டுகிற கருவியைத்தான் தூக்கிப் போட வேண்டும். வெளி வெயிலில் திரை மங்கலாகத் தெரியும், கையால் நிழல் கட்டித்தான் படிக்க முடியும். கொடுத்திருக்கும் பையில் ஜிப் மெலிசு.

வயர் இல்லாத, பேட்டரியில் ஓடும் பம்புகளும் நிறைய வந்துவிட்டன. நண்பனிடம் ஒன்று இருக்கிறது, கைக்கு அடக்கமாக அழகாகவே இருக்கிறது. நகருக்குள் ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் வசதி. நாடு முழுக்க ஓட்டப்போகிற பயணத்துக்கு நான் வயர் உள்ளதையே சொல்வேன். லித்தியம் பேட்டரியை நாள் முழுக்க வெயிலில் நிற்கும் காரில் போட்டு வைப்பது அதன் ஆயுளுக்கு நல்லதல்ல. தேவைப்படுகிற நேரத்தில் சார்ஜ் இருக்கிறதா என்ற கேள்வியும் கூடவே வரும். காரில் மின்சாரம் இருக்கும் வரை வயர் பம்ப் ஓடும்.

இதால் முடியாததையும் தெரிந்துகொள்ளுங்கள். தடத்தில் ஆணி ஏறியிருந்தால், ட்யூப் இல்லாத டயர் அந்த ஆணியையே அடைப்பாக வைத்துக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். பிடுங்காமல், காற்று அடித்துக்கொண்டே மெதுவாகக் கடை வரை போய்விடலாம். பக்கச் சுவர் கிழிந்தால் எந்தப் பம்பும் காப்பாற்றாது, ஸ்டெப்னிதான். அந்த ஸ்டெப்னியையும் கிளம்பும் முன்பே அளந்துவிடுங்கள், டிக்கியில் மூட்டை அடுக்கிய பிறகு யாரும் திறக்க மாட்டார்கள். ஒல்லியான தற்காலிகச் சக்கரம் என்றால் அதற்கு வழக்கமாக 60 பி.எஸ்.ஐ. வேண்டும், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டவும் கூடாது. இந்தப் பம்ப் 60-ஐத் தொடுகிறது, கொஞ்சம் மூச்சு வாங்கித் தொடுகிறது. டயருக்குள் நைட்ரஜன் நிரப்பியிருக்கிறோம், சாதாரணக் காற்றைக் கலக்கலாமா என்று தயங்க வேண்டாம். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

வழியில் மலை ஏறப்போகிறீர்கள் என்றால் கேஜ் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் அரை பி.எஸ்.ஐ. குறைகிறது, கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை. மேலே குளிர் அதிகம் என்பதால் இரண்டும் ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். உச்சியில் நின்று பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். சூடான டயரிலும் இதே பேச்சுதான்: எண் கூடியிருக்கிறதே என்று காற்றை வெளியே விடவே கூடாது.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருகிறேன். குழாயின் நீளத்துக்காகத்தான் அந்த ஒன்று போனது. வாங்கும்போது தானாக நிற்கும் வசதி, நீளமான வயர், கவ்வும் முனை, 60 பி.எஸ்.ஐ. தாண்டும் திறன் நாலும் இருக்கிறதா என்று கடையிலேயே கேளுங்கள். காற்றை இறக்கும் பொத்தான் ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லது, இதில் அது இல்லை. நண்பர்கள் இறங்கி, மூட்டைகளும் இறங்கிய பிறகு பின் டயர்களை மறுபடி 33-க்குக் கொண்டுவர வேண்டுமே. ஆறிய டயரில், வால்வு ஊசியை எதையாவது கொண்டு அழுத்தி, விட்டு, அளந்து, மறுபடி அழுத்தித்தான் இறக்க வேண்டியிருக்கிறது.